பத்து எண்ணும் வரை

"பூச்ச அப்பி வச்சது நீ—"

"அவசரப்பட்டுத் தொறந்தது யாருலே—"

"அச்சு சில்லுனு இருந்துச்சுக்கா. அப்பவும் தொறக்காம, கட்டிப்பிடிச்சுக்கிட்டு நிக்கச் சொல்றியா?"

"சில்லுனு இருந்த அச்சுக்குள்ள இருந்துதான் கஞ்சி மாதிரி ஊத்துச்சாக்கும். இந்தா பாரு, என் காலுக்கு ஒரு சாண் தள்ளி."

மாயக்காள் தரையைக் காட்டினாள். போன வியாழக்கிழமை கொட்டிய அலுமினியம் சிமெண்டைப் பொரித்துவிட்டு வெள்ளையாக ஒட்டிக் கிடந்தது.

உத்தமபாளையத்திலிருந்து கோம்பை போகிற ரோட்டில் அக்காளும் தம்பியும் நடத்துகிற வார்ப்புப் பட்டறை அது. இரும்பு அச்சுக்குள் பூச்சு அடிப்பது மாயக்காள். உருக்கி ஊற்றுவதும், ஆறியதும் அச்சைத் திறப்பதும் ராஜபாண்டி. மூன்று வாரத்தில் நான்கு பம்புசெட் புல்லிகள் திறக்கும்போதே குடல் சரிந்த மாதிரி சரிந்துவிட்டன.

இது ஐந்தாவது. ஊற்றிக் கால் மணிகூட ஆகவில்லை. மத்தியானம் கோயம்புத்தூரிலிருந்து கம்பெனி எஞ்சினியர் வந்து பார்க்கப்போகிறார். இதுவும் சரிந்தால் ஆர்டர் போனது. உலையை மூட வேண்டியதுதான்.

"எஞ்சினியர் போன்ல என்ன சொன்னாக, நீயும்தான கேட்ட?" ராஜபாண்டி விடவில்லை. "உலோகம் ஆற ஆறச் சுருங்கும். சுருங்குனா அச்ச விட்டு வெலகும். நடுவுல தலமுடி கனத்துக்குக் காத்து நிக்கும். அதத் தாண்டிச் சூடு சீக்கிரம் வெளிய வராது. தொட்டா அச்சு ஆறிக் கிடக்கும், உள்ள கொழகொழன்னு கிடக்கும். போதாக்கொறைக்கு உன் பூச்சு வேற, மெத்த கணக்கா."

அதுதான் மாயக்காளை உறுத்திக்கொண்டிருந்தது. மூன்று வாரமாகச் சோறு இறங்கவில்லை. தப்பு தன் கையில்தான் என்று பாதி நம்பிவிட்டாள். இந்தத் தடவை பழைய பூச்சை இரும்பு தெரியும்வரை சுரண்டி எடுத்துவிட்டு, வெங்காயச் சருகு கனத்துக்குத்தான் அடித்திருந்தாள்.

"எஞ்சினியர் இன்னொண்ணும் சொன்னாகல்ல? கைய நம்பாதீக, துப்பாக்கிய வச்சு அளந்து பாருங்கன்னு. அது மட்டும் உனக்குக் காதுல விழாதே."

சூடு அளக்கும் துப்பாக்கி பெட்டி பிரிக்காமல் ஜன்னலில் கிடந்தது.

"காச்சல்காரப் பிள்ளைக்கு நெத்தியில காட்டுறத அச்சுக்குக் காட்டணுமாம். முப்பது வருசக் கை இது."

"ஆமா, முப்பது வருசக் கை. அந்த இடது கைக்கட்டு எதுக்குன்னு கேட்டா, எங்கயோ பட்டுச்சுங்கிற. எங்கடான்னு கேட்டா தெரியலங்கிற. காலையில டீக்கடையில கழண்டு விழுந்த செருப்புத் தெரியாம, ஒத்தச் செருப்போட பட்டறை வரைக்கும் நடந்து வந்த ஆளு நீ. அச்சு ஆறுனது மட்டும் உனக்குத் தெரிஞ்சிருமாக்கும்."

"ஏதோ யோசனையில வந்துட்டேன்."

"டாக்டர் சொல்லி டீயில சீனிய நிறுத்துனதுல இருந்து உனக்கு யோசனையும் கசந்துதான் வருது."

சிரிப்பு வந்துவிட்டது அவனுக்கு. அடக்கிக்கொண்டு வலது கை உறையை உருவிப் போட்டான்.

உள்ளங்கையை அச்சில் அழுத்தி வைக்க வேண்டும். பத்து எண்ணும் வரை தாங்கினால் திறக்கலாம். தாங்காவிட்டால் காத்திருக்க வேண்டும். அவர்கள் ஐயா காலத்திலிருந்தே அந்தப் பட்டறைக்கு அதுதான் சட்டம்.

"உன் கண்ணு முன்னாடியே எண்ணுறேன். அப்புறம் பேசக்கூடாது." கையை அப்பி வைத்தான். "ஒண்ணு."

அச்சைப் பார்க்கவில்லை. அக்காள் முகத்தையே பார்த்தான்.

"ரெண்டு. மூணு."

நாலில் கோழி பொசுக்கும் வாசம் வந்தது.

சாக்கு எதுவும் பற்றிக்கொண்டதோ என்று மாயக்காள் உலைப் பக்கம் திரும்பினாள். சாக்கு தள்ளித்தான் கிடந்தது. அவன் கைலி ஓரத்தைப் பார்த்தாள். அங்கேயும் ஒன்றும் இல்லை.

"ஆறு. ஏழு."

சின்ன வயதில் முல்லையாற்றில் முங்கி, அவளைவிட அதிக நேரம் மூச்சடக்கி எழும்போது சிரிப்பானே, அந்தச் சிரிப்பு.

"எட்டு."

விரல் இடுக்கில் நூல் கனத்துக்குப் புகை எழுந்தது.

மாயக்காளின் பார்வை அவன் இடது கைக்கட்டுக்குப் போனது. வியாழக்கிழமை அந்தக் கையைத்தான் வைத்தான். அன்றைக்கும் இப்படியேதான், நிதானமாக, பத்து வரைக்கும் எண்ணினான்.

அவன் மணிக்கட்டை எட்டிப் பிடிக்கப் போனாள்.

"ஒம்பது. பத்து."

கையை எடுத்தான். உள்ளங்கைத் தோல் அச்சிலேயே நின்றுவிட்டது.

அவன் குனிந்து பார்க்கவில்லை. ஜெயித்தவன் மாதிரி அக்காளையே பார்த்தான்.

"பச்சத்தண்ணியாட்டம் இருக்கு. தொறக்கவாக்கா?"