சாமியறை லாச்சி

“இங்கிலாந்தில இருந்த யூத ஆக்கள் எல்லாரும் ராஜாவின்ர ப்ராப்பட்டி, அன்ரி. வேற ஆரும் அவையில கை வைக்கேலாது,” என்றாள் தக்ஷிகா.

வேரோனிக்கா மீன் றோல்ஸ் உருட்டிக்கொண்டே தலையாட்டினாள்.

நாளைக்குத் தக்ஷிகா யூனிவர்சிற்றியில் பேச வேண்டும். மல்வேர்ன் வீட்டு பேஸ்மென்ற் குசினியில் காலையிலிருந்து இதே ஒத்திகை. கேட்பதற்கு வேறு யார்? தகப்பன் நவரட்ணம் ஓடர் சாப்பாடு கொண்டுபோய்க் கொடுக்கப் போயிருந்தார். தாய் இராசமணி அடுப்போடு நின்றாள். அவள் எதையும் கேட்பவளாகத் தெரியவில்லை.

கலவரம் வந்தால் யூதர்கள் ராஜாவின் கோட்டைக்குள் ஓடலாம். உள்ளே விட்டுக் கதவைச் சாத்துவார்கள். ஆனால் அவர் அனுமதியில்லாமல் நாட்டை விட்டுப் போக முடியாது. வரி வேண்டுமே! பிறகு வந்த ஒரு ராஜா, இனிக் கறக்க ஒன்றுமில்லை என்று கண்டதும் எல்லோரையும் துரத்திவிட்டார்.

தக்ஷிகா இதை நல்ல ரோசத்தோடு சொன்னாள்.

“கோட்டைப் பூட்டின்ர திறப்பு ஆரிட்ட இருந்தது, பிள்ளை?”

“ராஜாவின்ர ஆளிட்ட.”

வேரோனிக்கா சிரித்தாள். சிரிப்பதற்கு அதில் ஒன்றுமில்லை.

அவளை ஊரிலிருந்து சமையலுக்கு எடுப்பித்தவர் நவரட்ணம். வேலை பெர்மிட் அவருடைய குசினிக்கு மட்டும்தான். விமான நிலையத்திலேயே பாஸ்போட்டை வாங்கி, பத்திரமாக இருக்கட்டும் என்று சாமியறை மேசையின் லாச்சியை இழுத்து, முருகன் படத்துக்குக் கீழே வைத்துவிட்டார்.

மீன் அளைந்தவர்கள் சாமியறைக்குள் போகக்கூடாது. அது அந்த வீட்டுச் சட்டம். வேரோனிக்காவுக்கு மீன் அளையாத நாளே கிடையாது. வெள்ளிக்கிழமை வீடு சைவம். ஆனால் சனிக்கிழமை ஓடருக்கு அன்றைக்கும் அவள் மீன் அவிப்பாள்.

இதே நாட்டில், மொன்றியலில், அவள் தங்கை கிளடிஸ் கீமோவுக்குத் தனியாகப் போய் வருகிறாள். ஒருக்கா வந்து பக்கத்தில் இரு அக்கா என்று அழுகிறாள். பாஸ்போட் இல்லாமல் வெளியே போனால் பொலிஸ் பிடிக்கும் என்று நவரட்ணம் சொல்லியிருந்தார். அவர் சொன்னதைத் தவிர இந்த நாட்டைப் பற்றி வேரோனிக்காவுக்கு வேறொன்றும் தெரியாது.

போன கிழமை கேட்டுப் பார்த்தாள். “நீ எங்கட ஆளெல்லோ, உன்னைத் தனிய விடுவனே?” என்றார். அவ்வளவு பாசமாகத்தான் சொன்னார்.

ராஜாவின் அனுமதி என்ற இடம் மறுபடி வந்தபோது தக்ஷிகாவின் பேச்சு பாதியில் நின்றது.

அன்ரியின் மாவு படிந்த கையைப் பார்த்தாள். பிறகு சீலிங்கைப் பார்த்தாள். சாமியறை அதற்கு நேரே மேலேதான்.

படியேறிப் போனாள். சற்று நேரத்தில் மேலே ஷவர் சத்தம் கேட்டது. பட்டப்பகலில், புதன்கிழமையில், முழுக்கு! சாமியறைக்குள் போவதற்குத்தான்.

வேரோனிக்காவின் கையில் றோல் பிய்ந்தது. மாதாவே, மாதாவே என்று மனம் அடித்துக்கொண்டது.

தலை ஈரம் சொட்டச் சொட்ட தக்ஷிகா இறங்கி வந்தாள். கை வெறுமையாக இருந்தது.

“அம்மா, லாச்சி பூட்டிக் கிடக்கு. திறப்பு எங்க?”

இராசமணி திரும்பவில்லை. எண்ணெயில் றோல்களைப் பக்குவமாகப் புரட்டினாள்.

“உன்ர அப்பரிட்ட,” என்றாள். “நீ பிறந்த வருசத்தில இருந்து என்ர பாஸ்போட்டும் அதுக்குள்ளதான் கிடக்கு.”