மயிலுவின் முறை

“எம் பொண்ணு முறையைத் தூக்கி அவன் பேரனுக்கா குடுத்தாங்க?”

பிச்சமுத்து கத்திய கத்தலில் கூரையில் இருந்த காக்கா பறந்தது.

மன்னார்புரம் பால்வாடியில் ஒரு வழக்கம். மத்தியானச் சாப்பாட்டின்போது தினமும் ஒரு குழந்தைதான் எல்லோருக்கும் தண்ணீர் ஊற்ற வேண்டும். பதிவேட்டில் யார் பெயர் அடுத்ததோ, அன்றைக்கு அந்தக் குழந்தையின் முறை. லூர்துராணி டீச்சர் வந்த பிறகு செய்த ஏற்பாடு.

பிச்சமுத்துவின் மகள் மயிலு. கல்யாணமாகிப் பதினேழு வருஷம் கழித்துப் பிறந்தவள். நாலு வயசு. புதன்கிழமை அவள் முறை. தெருக் கூட்டும் வேலைக்கு அரை நாள் லீவு சொல்லிவிட்டு, அதைக் கண்ணால் பார்க்க வேண்டும் என்று பால்வாடி ஜன்னலில் போய் நின்றார் பிச்சமுத்து. சொம்போடு வந்ததோ செபஸ்தியானின் பேரன்!

வேறு யார் பேரனாக இருந்தாலும் போகட்டும் என்று விட்டிருப்பார்.

சின்ன வயசில் இரண்டாம் வகுப்பில் செபஸ்தியான்தான் தண்ணீர் ஊற்றுகிறவன். மற்ற பையன்களுக்கு டம்ளர். பிச்சமுத்துவுக்கு மட்டும் கையை ஏந்தச் சொல்லி, பெஞ்சு மேல் ஏறி நின்று ஊற்றுவான். பாதி மூக்கில் ஏறும். வகுப்பே சிரிக்கும்.

மூன்றாம் வகுப்போடு பிச்சமுத்து படிப்பை விட்டார். கோபத்தை விடவில்லை. செபஸ்தியானின் மளிகைக் கடை தெருமுனையிலேயே இருக்கிறது. ஆனாலும் நாற்பது வருஷமாக, ஒரு தீப்பெட்டி வாங்கக்கூட ஜங்ஷன் வரைக்கும் நடப்பார்.

“சனிக்கிழமை பெத்தவங்கள எல்லாம் சாப்பாட்டுக்குக் கூப்பிட்டிருக்காங்க. நாலு பேர் முன்னால நாக்கைப் புடுங்கிக்கிற மாதிரி கேக்குறேன் பாரு!”

“கேளுங்க. சட்டையை மாட்டிக்கிட்டுப் போய்க் கேளுங்க,” என்றாள் மனைவி வேலம்மாள்.

சனிக்கிழமை பால்வாடி வாசலிலேயே டீச்சரை மடக்கினார்.

“எம் பொண்ணு முறை என்னாச்சு டீச்சர்?”

“அதுவா அண்ணே, செபஸ்தியான் ஐயா வந்து கேட்டாரு...”

“அவரு கேட்டா தூக்கிக் குடுத்துடுவீங்களா? கடைக்காரர் பேரனுக்கு ஒரு நியாயம், தெருக் கூட்டுறவன் பொண்ணுக்கு ஒரு நியாயமா? நாப்பது வருஷத்துக்கு முன்னாடியும் இதேதான், இப்பவும் இதேதான்!”

“முழுசாக் கேளுங்கண்ணே...”

“கேட்டது போதும்!”

“சரி, சாப்பிட்டுட்டுத் தெம்பாச் சண்டை போடலாம். உக்காருங்க. சாம்பார் சாதம் ஆறிடும்.”

உள்ளே இரண்டு வரிசையாகப் பாய் விரித்திருந்தது. குழந்தைகளும் பெரியவர்களும் கலந்து உட்கார்ந்திருந்தார்கள். ஒரே ஓர் இடம்தான் பாக்கி. அதற்கு நேர் எதிரே செபஸ்தியான்! பிச்சமுத்து முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டு உட்கார்ந்தார்.

“டம்ளர் பத்தாதுங்க. எதிரெதிரே இருக்கிற ரெண்டு பேருக்கு ஒண்ணு. ஒருத்தர் குடிச்சதும் இன்னொருத்தர் குடிங்க,” என்ற டீச்சர், குழந்தைகளைப் பார்த்தார். “இன்னிக்கு யார் முறை?”

“மயிலூ!”

இருபத்தாறு தொண்டையும் ஒன்றாகக் கத்தியது. பிச்சமுத்துவின் கையில் இருந்த சோற்று உருண்டை அப்படியே நின்றது.

மயிலு வந்தாள். சொம்பை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, நாக்கை வெளியே துருத்திக்கொண்டு, ஒவ்வோர் அடியாக எடுத்து வைத்து வந்தாள்.

“ஆடாம வா கண்ணு, ஆடாம வா,” என்று பக்கத்தில் இருந்த, இன்னொரு குழந்தையின் அம்மா நஜ்முன்னிசா அவளை உற்சாகப்படுத்தினாள். மயிலு ஊற்றியதும் கடகடவென்று குடித்துவிட்டு, “இன்னும் கொஞ்சம் ஊத்து!” என்றாள்.

அடுத்தது அப்பா. டம்ளரில் பாதி, வேட்டியில் பாதி ஊற்றினாள். தாகமே இல்லாத பிச்சமுத்து அதை ஒரு சொட்டு விடாமல் வாய் வைத்துக் குடித்தார். குடித்து முடித்து டம்ளரை எதிர்ப்பக்கம் நகர்த்தினார்.

செபஸ்தியான் அதைத் தொடவில்லை. ஓரமாகத் தள்ளிவிட்டு, இரண்டு கையையும் சேர்த்து ஏந்தினார்.

பிச்சமுத்துவுக்கு ரத்தம் தலைக்கு ஏறியது.

“பாத்தீங்களா டீச்சர்! நான் குடிச்ச டம்ளர் இவருக்குத் தீட்டு!” என்று எழுந்தே விட்டார்.

செபஸ்தியான் தலையை நிமிர்த்தவில்லை. ஏந்திய கையையும் எடுக்கவில்லை.

“தாயி, அந்தா சுவரோரமாக் கிடக்குற மணைமேல ஏறி நின்னு உசரமா ஊத்து. மூக்குல ஏறினாலும் பரவால்ல. இத்தனை பேர் பாக்க, உங்கையால இப்படி வாங்கிக் குடிக்கணும்னுதான் உன் முறையைப் புதன்கிழமையிலேருந்து இன்னிக்கு மாத்தச் சொன்னேன்.”

டீச்சர் பிச்சமுத்துவைப் பார்த்து, ஆமாம் என்று தலையை ஆட்டினார்.

எத்தனை ராத்திரி கனவில் கண்ட காட்சி! ‘ஊத்துடி, நல்லா உசரமா ஊத்து’ என்று பிச்சமுத்துவின் நாக்கு நுனி வரை வந்துவிட்டது.

மயிலு மணையைப் பார்த்தாள். ஏந்திய கையைப் பார்த்தாள். சொம்பைக் கீழே வைத்தாள்.

“கையில எல்லாம் ஊத்த மாட்டேன் தாத்தா. இங்க எல்லாருக்கும் டம்ளர்தான்.”

அப்பா குடித்த டம்ளரை எடுத்து, நிறைய ஊற்றி, ஏந்திய கைகளுக்குள் வைத்தாள்.

செபஸ்தியான் அண்ணாந்து ஊற்றிக்கொள்ளவில்லை. வாய் வைத்துத்தான் குடித்தார்.

அன்று சாயங்காலம் வேலம்மாள் தீப்பெட்டி கேட்டாள். பிச்சமுத்து ஜங்ஷன் வரைக்கும் போகவில்லை. தெருமுனையிலேயே வாங்கிக்கொண்டு வந்துவிட்டார்.