நேர்ச்சைச் சேலை

மாதாவின் மேல் பிலோமினாவின் சேலை இல்லை.

சந்தியாகு பீடத்துக்கு முன்னால் அப்படியே நின்றார். சயாமில் ரயில் பாதை போட ஜப்பான்காரர்கள் பிடித்துப் போனவர், பதினாறு மாதம் கழித்து நேற்றுதான் பட்டர்வொர்த்தில் இறங்கிப் பினாங்குக்கு வந்திருந்தார். கால் புண் ஆறவில்லை. இடுப்பில் சாக்குத் துணி.

வீட்டில் வேறு யாரோ குடியிருந்தார்கள். மனைவி பிலோமினா மூன்று மாதத்துக்கு முன் ஆஸ்பத்திரியில் காய்ச்சலில் இறந்துவிட்டாளாம். எங்கே புதைத்தார்கள் என்று யாருக்கும் தெரியவில்லை. புருஷன் உயிரோடு திரும்ப வேண்டுமென்று தன் கல்யாணப் பட்டுச் சேலையை மாதாவுக்கு நேர்ந்து சாத்தினாள் என்று மட்டும் சொன்னார்கள்.

நாகப்பட்டினத்திலிருந்து பாய்மரக் கப்பலில் வந்த மரச் சிலை, அந்த மாதா சுரூபம். கோயிலில் ஒரு வழக்கம் உண்டு. யாருக்காக நேர்ந்ததோ, அவர் பிழைத்து வந்து முந்தானையில் உதடு பதித்து முத்தி செய்யும்வரை அந்தச் சேலை கோயிலை விட்டுப் போகக் கூடாது.

சந்தியாகுக்கு அந்த முந்தானைதான் வேண்டியிருந்தது. மனைவியுடையது என்று தொட்டுப் பார்க்க வேறெதுவும் மிச்சமில்லை.

மாதாவுக்கு ஒரு பழைய மேசை விரிப்பைச் சுற்றியிருந்தார்கள்.

உபதேசியார் சேலைப் பெட்டியைத் திறந்து காட்டினார். காலி. மற்றச் சேலைகளைத் துணியில்லாத குடும்பங்களுக்குப் பங்குச் சாமியாரே கொடுத்துவிட்டார். நேர்ச்சை முடியாத இந்த ஒன்றை மட்டும் தொடவில்லை என்றார். சாவி எப்போதும் நவமணியிடம்தான்; பூசைக்குத் திறந்த பெட்டியை அவள் இன்னும் பூட்டவில்லை.

நவமணி பதினெட்டு வருடமாக மாதாவுக்குச் சேலை மாற்றுகிற விதவை. பூசை முடிந்தும், வாசலில் சனம் இன்னும் கலையவில்லை.

"சேலை எங்கக்கா?" என்று சந்தியாகு அவளிடம் கேட்டார்.

அவரை அடையாளம் கண்டதும் அவளுக்குக் கண் கலங்கியது. "வந்துட்டீங்களா தம்பி? இப்படி வாங்க, தனியா சொல்றேன்."

"தனியா என்ன? இங்கயே சொல்லுங்க. எல்லாரும் கேக்கட்டும்."

நவமணி சுற்றிலும் பார்த்தாள். உடுத்தத் துணியில்லாமல் சாக்கும் ரப்பர்த் தகடும் கட்டி நின்ற சனம்.

"வித்துட்டேன்," என்றாள்.

"அரிசிச் சோறு ருசியா இருந்துச்சா அக்கா? மரவள்ளி தின்னு தின்னு எங்களுக்கு மறந்தே போச்சு லா," என்றார் ஒருவர். இன்னொருத்தி காறித் துப்பினாள். உபதேசியார் சாவியை வாங்கிக்கொண்டு, இனி மாதாவைத் தொடக் கூடாது என்றார். நவமணி முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு படியிறங்கிப் போனாள்.

பிற்பகலில் சந்தியாகு கல்லறைத் தோட்டத்துக்கு நடந்தார். ஆஸ்பத்திரியிலிருந்து பிணம் ஏற்றி வரும் மாட்டு வண்டிக்காரர் நாகூர் மீரான் மர நிழலில் உட்கார்ந்திருந்தார். சந்தியாகு மாதத்தையும் பெயரையும் சொல்லி, எங்கே புதைத்தீர்கள் என்று கேட்டார்.

பெயரெல்லாம் யார் எழுதி வைத்தார்கள் என்றார் மீரான். அந்த மாதம் ஒரு நாளைக்கு இருபது பேர். எல்லாம் சாக்கு மூட்டை. உங்களுக்கு யார் என்று கேட்டார்.

பெண்சாதி என்றார் சந்தியாகு. தான் சயாமுக்குப் போயிருந்ததையும் சொன்னார்.

மீரான் எழுந்தார். வேலிக்கு அப்பால் யாராவது இருக்கிறார்களா என்று பார்த்துவிட்டு, கிட்ட வந்து குரலைத் தாழ்த்தினார்.

"சயாமுக்குப் போனவர் சம்சாரம்னா தெரியும் அண்ணே. அவங்க பட்டுச் சேலையில போனாங்க. மாதா கோயில்லேர்ந்து ஒரு அக்கா கொண்டாந்து, தன் கையால கட்டிவிட்டு, மேல சாக்கைச் சுத்தினாங்க. பட்டுன்னு ஊருக்குத் தெரிஞ்சா அன்னிக்கே தோண்டிருவாங்க, புருஷன் வந்தா அவருக்கு மட்டும் இடத்தைக் காட்டுன்னு என் கையைப் பிடிச்சு அழுதாங்க."