முதல் வரி

உலகத்தில் பத்துப் பேர்கூடப் பயன்படுத்தாத ஓர் இயங்குதளத்தைத் தணிகாசலம் பொழுதுபோக்காகத் தன் கணினியில் ஏற்றியிருந்தார். அதில் தமிழ் விசைப்பலகையை வேலை செய்யவைக்க எட்டு மாதம் பிடித்தது. அந்த எட்டு மாதமும் மனைவி பூரணியிடம் அவர் சரியாகப் பேசவே இல்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் ‘கொ’ என்ற எழுத்து உடையாமல் திரையில் வந்து நின்றது. மகிழ்ச்சி தாங்காமல் பூரணியைக் கூப்பிட்டு நாற்காலியில் உட்காரவைத்தார்.

“முதல் வரிய நீதான் அடிக்கணும். மனசுல என்ன தோணுதோ அத அடி.”

பூரணி ஒவ்வோர் எழுத்தாகத் தேடித் தேடி அடித்தாள். ‘எங்கம்மாவுக்குக் கண் ஆபரேஷன் நடந்தது உங்களுக்குத் தெரியுமா?’

தணிகாசலம் அதை இரண்டு முறை படித்தார். அவர் முகம் போன போக்கைப் பார்த்துப் பூரணிக்கே பாவமாகிவிட்டது.

“சரி விடுங்க. இத எப்படி அழிக்கிறது?”

“அழிக்கிற விசை இன்னும் வேலை செய்யல.”

பூரணி நாற்காலியை இன்னும் முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டாள்.