வரிசை எண் 212

“சிவனாண்டி சம்சாரம்னு இந்தத் தாள்ல எழுதியிருக்குல்ல சாமி, அது நாந்தான்.”

ஹாலாஸ்யம் நிமிர்ந்து பார்த்தார். மேசைக்கு முன்னால் சுங்குடிச் சேலையில் ஒருத்தி நின்றாள். ஒரு முழம் தள்ளி, தலையைக் குனிந்தபடி இன்னொருத்தி. அவளும் ஐந்து நிமிஷத்துக்கு முன்னால் வந்து, அதே 212-ஆம் எண்ணைச் சொல்லி, அந்த வீட்டுக்காரி தான்தான் என்றிருந்தாள். இருவரும் ஒருவர் முகத்தை ஒருவர் ஏறிட்டும் பார்க்கவில்லை.

அது 1937. சட்டசபைத் தேர்தல். பெண்களுக்குப் பெரும்பாலும் புருஷனுடைய சொத்தை வைத்துத்தான் ஓட்டு. மதுரையில் ஒரு பள்ளிக்கூடத்தில் சரித்திரம், பூகோளம், குடிமைப் பாடம் மூன்றையும் ஒண்டி ஆளாக நடத்திக்கொண்டிருந்த ஹாலாஸ்யத்தை, திருவாதவூருக்குப் பக்கத்தில் ஒரு கிராமத்து ஓட்டுச்சாவடிக்கு அதிகாரியாகப் போட்டுவிட்டார்கள். ஒருவருக்கு ஒரு ஓட்டு என்று வகுப்பில் மூச்சு விடாமல் ஒப்பிப்பார். ஒரு ஓட்டுக்கு இரண்டு பேர் வந்து நின்றால் என்ன செய்வது என்று எந்தப் புத்தகத்திலும் போட்டிருக்கவில்லை.

பட்டியலை மூன்றாம் தடவையாகப் பார்த்தார். ‘212. சிவனாண்டி மனைவி.’ அவ்வளவுதான். வீடு வீடாகப் போய் எழுதிய மகானுபாவன், புருஷன் பெயரோடு பேனாவை மூடிவிட்டான். மனைவிக்கும் ஒரு பெயர் இருக்கும் என்று அவனுக்குத் தோன்றவே இல்லை போலிருக்கிறது.

ஆளை அடையாளம் காட்ட வேண்டிய மணியக்காரர் காய்ச்சலில் படுத்துவிட்டார். தலையாரி பக்கத்து ஊருக்கு ஓட்டுப் போட ஆள் கூட்டிவரப் போயிருந்தான். உச்சி வெயிலில் வரிசையிலும் வேறு யாரும் இல்லை. கட்சிக்கு ஒரு நிறத்தில் ஓட்டுப்பெட்டி; அவற்றின் ஏஜெண்டுகள் இருவரும் மதுரை டவுன்காரர்கள். இந்த ஊரில் எந்தத் தெரு எங்கே போகிறது என்றுகூட அவர்களுக்குத் தெரியாது. இருந்தாலும் மஞ்சள் பெட்டிக்காரர் இவள்தான் என்றார். உடனே பச்சைப் பெட்டிக்காரர் அவள்தான் என்றார். ஹாலாஸ்யத்துக்குத் தலை சுற்றியது. தப்பான கையில் சீட்டைக் கொடுத்தால் நாளைக்குக் கலெக்டர் ஆபீசில் அவரல்லவா கைகட்டி நிற்க வேண்டும்?

பெயர்களைக் கேட்டார். சுங்குடிச் சேலைக்காரி சோணையம்மாள் என்றாள். மற்றவள் மாயக்காள் என்றாள். பட்டியலில் இல்லாத பெயர்களைத் தெரிந்துகொண்டு என்ன பிரயோஜனம்?

எங்கிருந்து வருகிறார்கள் என்று கேட்டதில், மாயக்காள் இதே ஊர், கீழத்தெரு என்றாள்.

“கொட்டாம்பட்டியிலருந்து வாரேன். வெள்ளனக் கெளம்புனேன்,” என்றாள் சோணையம்மாள்.

சிவனாண்டி வீடு இங்கே இருக்க, அவன் சம்சாரம் எதற்காகக் கொட்டாம்பட்டியிலிருந்து வர வேண்டும்? ஹாலாஸ்யத்தின் புருவம் உயர்ந்தது.

“அது வந்து சாமி, போன கார்த்திகையில...”

“கேட்டதுக்கு மட்டும் பதில் சொல்லணும்.” மூன்றாம் பாரத்துப் பையன்களை அடக்கும் அதே குரல்.

“இன்னைக்கு விட்டா இனிமே எனக்குக் கெடைக்காது சாமி. அதச் சொல்லத்தான்...”

“கேட்டதுக்கு மட்டும்னு சொன்னேன்.”

அவள் ஓர் எட்டுப் பின்னால் நகர்ந்தாள். யாரைப் பார்த்தாலும் நிஜம் சொல்வது போலத்தான் இருந்தது. ஹாலாஸ்யம் பேனாவைத் திறந்தார், மூடினார். அப்போதுதான் அவருக்குத் தம் மனைவி ஜானுவின் ஞாபகம் வந்தது. இருபது வருஷத்தில் ஒரு நாள்கூட அவள் அவர் பெயரை வாயால் சொன்னதில்லை. புதுத் தபால்காரன் வந்து கேட்டால்கூட, மீனாட்சி ஆத்துக்காரர் பேருதான் என்று கோபுரத்தைக் கை காட்டுவாள்; அந்தச் சுவாமியின் பெயர்களில் ஒன்றைத்தான் அவருக்கு வைத்திருந்தார்கள்.

ஹாலாஸ்யம் நாற்காலியில் நன்றாகச் சாய்ந்து உட்கார்ந்தார்.

“உன் புருஷன் பேரைச் சொல்லு,” என்றார் மாயக்காளிடம்.

அவள் முகம் சிவந்துவிட்டது. முந்தானையைத் திருகினாள். சுவரைப் பார்த்தாள், கூரையைப் பார்த்தாள். கடைசியில் முணுமுணுத்தாள்: “நெத்தியில கண்ணு வச்ச சாமி இருக்காருல்ல, அவரு பேரு. அதுக்குப் பின்னால, ஓடெடுத்துப் பிச்சைக்குப் போறவுகளச் சொல்லுவாகள்ல, அது.”

ஹாலாஸ்யம் சிரிப்பை அடக்கிக்கொண்டு அடுத்தவளிடம் திரும்பினார்.

“நீ சொல்லு, இந்த எண்ணிலே எழுதியிருக்கிறது யார் பேரு?”

“சிவனாண்டி,” என்றாள் சோணையம்மாள், கத்திரிக்காய் விலை சொல்வது போல.

வந்ததும் வராததுமாக அவள் அந்தப் பெயரைச் சொன்னதும் இப்போது நினைவுக்கு வந்தது. இதற்கு மேல் என்ன அத்தாட்சி வேண்டும்? சீட்டைக் கிழித்து மாயக்காளிடம் கொடுத்தார். அவள் உள்ளே போய்ப் பெட்டியில் போட்டுவிட்டு, யாரையும் பார்க்காமல் விடுவிடுவென்று நடந்துவிட்டாள்.

சோணையம்மாள் மட்டும் அசையவில்லை. சண்டையும் போடவில்லை. அது ஹாலாஸ்யத்துக்கு என்னவோ போல் இருந்தது. ஆனாலும் வாத்தியார் புத்தி விடுமா? கணக்குப் போட்ட வழியையும் விளக்கிவிட வேண்டியிருந்தது.

“இந்தப் பக்கத்துலே எந்தப் பொம்மனாட்டியாவது கட்டின புருஷன் பேரை இப்படிப் போட்டு உடைப்பாளா? அதிலேதான் நீ மாட்டிண்டே. இப்பவாவது நிஜத்தைச் சொல்லு, நீ யாரு?”

“இப்பவாச்சும் கேட்டீகளே சாமி,” என்றாள் சோணையம்மாள். “பட்டியல் எழுத வந்தன்னைக்கு அவன் சம்சாரம் நாந்தான். கார்த்திகையில பஞ்சாயத்துல அத்துவிட்டாக, தையில அவளக் கட்டிக்கிட்டான். இன்னமும் புருஷனா இருந்தா அவன் பேரைச் சொல்லுவேனா? வீடு, மாடு, அடுப்பு அம்புட்டும் அவளுக்குப் போயிருச்சு. அந்த வீட்டுல எனக்குன்னு மிஞ்சிக் கெடந்தது இந்த ஒரு ஓட்டுத்தான், அதையும் நீங்களே எடுத்து அவ கையில குடுத்துட்டீக.”