பெண்ணோடு வரும் டோக்கன்

மாப்பிள்ளை வீட்டார் நகையைப் பற்றி வாயே திறக்கவில்லை. பஜ்ஜியை முடித்ததும் நேராக டோக்கனுக்கு வந்தார்கள்.

"முதுகெலும்பு டாக்டரோட டோக்கன்தானுங்களே? எந்த மாசம்?" என்று கேட்டார் மாப்பிள்ளையின் அம்மா கற்பகவல்லி.

"வர்ற தை மாசமுங்க. ஏழு வருசமாக் காத்திருந்து வந்தது," என்றார் பெண்ணின் அப்பா. "கல்யாணம் முடிஞ்ச கையோட உங்க பேருக்கு மாத்திக் குடுத்துடறோம்."

கற்பகவல்லியின் முகம் மலர்ந்தது. அவருக்குத் தீராத இடுப்பு வலி. இன்றைக்குப் பதிந்தால், இனிமேல் பிறக்கப்போகும் பேரன் பள்ளிக்கூடம் போகும்போதுதான் டாக்டரைப் பார்க்க முடியும். திடீரென்று ஒரு சந்தேகம் வந்தது.

"ஏனுங்க, அப்பவே பதிஞ்சிருக்கீங்களே, பொண்ணுக்கு ஏதாச்சும் வலி கிலி இருக்குதுங்களா? சீக்காளியக் கூட்டிட்டுப் போய் நாங்க என்ன பண்றது?"

"சேச்சே! பொண்ணப் பெத்தவன் ஏதாச்சும் சேத்து வைக்க வேண்டாமுங்களா?"

ஏழு வருடங்களுக்கு முன் கல்லூரிப் படிக்கட்டில் விழுந்த நாளிலிருந்து மணப்பெண் நறுமுகைக்கு இடுப்பிலிருந்து குதிகால் வரை நெருப்பு ஓடுகிறது. இப்போதும் பட்டுச்சேலைக்குள் இடுப்பு பெல்ட்டை இறுக்கிக் கட்டிக்கொண்டு, சிரித்தபடி சுவரில் சாய்ந்து நின்றாள்.

"அத்தை கால்ல விழுந்து கும்பிட்டுக்க கண்ணு," என்றாள் நறுமுகையின் அம்மா.

நறுமுகை விழுந்தாள். எழத்தான் முடியவில்லை. கண்ணீர் கற்பகவல்லியின் பாதத்தில் சொட்டியது.

"இந்தக் காலத்துல இப்படியொரு மரியாதையா!" அவர் நெகிழ்ந்துபோனார். "எங்களுக்குப் பொண்ணப் புடிச்சுப்போச்சுங்க."

தட்டு மாற்றி முடிக்கும் வரை நறுமுகை எழுந்திருக்கவில்லை.