ரப்பர் பேண்ட் போட்ட ஆப்பிள்

மகள் தாரிணி பள்ளிப் பையிலிருந்து ஓர் ஆப்பிளை எடுத்து நீட்டினாள். நான்காக வெட்டி, மறுபடி முழுப்பழம்போலச் சேர்த்து, ரப்பர் பேண்ட் போட்டிருந்தது. வசுமதி பிரித்துப் பார்த்தாள். எங்கும் கறுக்கவில்லை. எலுமிச்சை வாசனை. அவளை அடித்த மறுநாள் காலையில் கணவன் இப்படித்தான் ஒரு பழம் வெட்டிவைப்பான். கைக்குழந்தையோடு அவனிடமிருந்து ஓடிவந்து ஐந்து வருடம், மூன்று ஊர் ஆகிவிட்டது.

“யாருடி குடுத்தா?”

“ஸ்கூல் வாசல்ல ஒரு மாமா. காலைல வெட்டினதாம், இன்னும் வெள்ளையாவே இருக்கு பாரும்மா. மேஜிக்!”

“வீடு எங்கன்னு கேட்டானா?”

“இல்லையே.”

வசுமதிக்கு மூச்சு வந்தது.

“பச்சைக் கதவு வீட்டுப் பாப்பாதானேன்னு மட்டும் கேட்டாரு.”